ஆல்டோ அத்தைகளுக்கு ஓய்வு

இஸ்திரிப் பெட்டி சூடாகிற நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். ஒரு அங்கியைத் தேய்த்து மடித்தால், அடுத்ததற்குத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் நாலு வரி. எனக்குப் பெரிய படிப்பு இல்லை. பிழை இருந்தால் அங்கியில் விழுந்த சுருக்கம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சர்ச் பாடகர் குழுவின் அங்கிகள் இவை. எல்லாம் வெள்ளை. கை ஒவ்வொன்றும் தலையணை உறை அகலம். ஒன்றுக்கு மட்டும் கழுத்தைச் சுற்றித் தங்க நிறத்தில் ஜரிகை. அது குழுத் தலைவருடையது. ஜரிகை வைத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கெஞ்சவில்லை. அவரே வைத்துக்கொண்டார். தலைவர் என் வீட்டுக்காரர். தலைவரின் மனைவிதான் அத்தனை அங்கியும் துவைக்க வேண்டும் என்று எந்த வேதாகமத்தில் இருக்கிறது என்று ஒரு நாள் கேட்டேன். மனசுக்குள்தான்.

பக்கத்து அறையில் ஒரே சத்தம். அது என்ன சத்தம் என்று கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இவர் குழாய், வாஷ்பேசின், டைல்ஸ் விற்கிற கடையில் மேலாளர். மேலாளர் என்றால் கீழே ஒருத்தராவது இருக்க வேண்டும் இல்லையா? இருக்கிறார். முதலாளியின் மச்சான். அவரிடம் இவர்தான் லீவு கேட்பார்.

கடை நடுவில் மாதிரிக்கு ஒரு குளியலறை கட்டி வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து மேல்வரை டைல்ஸ். வாங்க வருகிறவர்கள் இல்லாத நேரத்தில் இவர் அதற்குள் போய் நின்று பாடுவார். அந்தச் சுவர்கள் நல்ல மனசுக்காரச் சுவர்கள். ஒரு குரலை நாலாக்கித் திருப்பிக் கொடுக்கும். அதைக் கேட்டுத்தான் தனக்குக் குரல் இருக்கிறது என்று இவர் முடிவுக்கு வந்தார். சர்ச்சில் டைல்ஸ் ஒட்டவில்லை. அது ஒன்றுதான் குறை.

குழுவில் நாலு வரிசை. சொப்ரானோ என்பது மேல் குரலில் பாடுகிற பெண்கள். சின்ன வயசு. மெட்டு முழுக்க அவர்களுக்குத்தான். பேஸ் என்பது கீழ்க்குரல் ஆண்கள். கேஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வருகிற மாதிரி வருவார்கள். டெனர் என்பது மேல் குரல் ஆண்கள். அதாவது இவர், இவர் பக்கத்தில் இரண்டு பேர். கடைசியாக ஆல்டோ. கீழ்க்குரல் பெண்கள். நாலு பேர். தையல்காரம்மா, ரிட்டயர் ஆன நர்ஸம்மா, பாடாத நேரத்திலும் 'ம்ம்ம்' என்று இழுத்துக்கொண்டே இருப்பதால் ஃபிரிட்ஜ் அக்கா என்று பேர் வாங்கினவர், அப்புறம் என் மாமியார்.

இவருக்கு ஆல்டோ பிடிக்காது. 'இழுக்குறாங்க, சுருதி இறங்குது, வயசாயிடுச்சு' என்று ஊர் முழுக்கக் காரணம் சொல்வார். உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு நாள் சின்னப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இவர் கையைத் தூக்கி, கண்ணை மூடி, மூச்சை இழுத்து ஆரம்பிக்கப் போனார். ஆல்டோ வரிசையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார்.

"டேய், முதல்ல மூக்கைச் சிந்திட்டு வா. கொர கொரங்குது."

அன்றைக்கு முடிவு செய்ததுதான். ஆனால் பெற்ற தாயைப் போங்கள் என்று சொல்ல வீரம் வேண்டும். அது கடையில் ஸ்டாக் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் பேராயர் எங்கள் சர்ச்சுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. புதுப் பாட்டு ஒன்று பாட வேண்டும் என்று போதகர் சொல்லிவிட்டார். இவர் எங்கிருந்தோ ஒரு கட்டு இசைத்தாள் கொண்டுவந்து கட்டில் முழுக்கப் பரப்பினார். எங்கள் கைக்குழந்தையைக் கிடத்த இடமில்லை. நான் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"இது எப்படி இருக்கு, சொல்லு" என்று ஒன்றைப் பாடிக் காட்டினார்.

"நல்லா இருக்குங்க."

"நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்."

"ஏங்க?"

"எல்லாரும் பாடிடுவாங்க."

அடுத்ததைப் பாடினார். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவ்வளவு அழகு.

"இதுவும் நல்லா இருக்குங்க."

"என்னத்த நல்லா இருக்கு? டெனருக்குத் தனியா ஒரு வரிகூட இல்ல. கூட்டத்தோட கூட்டமா நிக்கவா ஜரிகை வச்சுத் தச்சேன்?"

மூன்றாவதை எடுத்தார். அது பாத்திரக்கூடை கவிழ்ந்த மாதிரி இருந்தது. ஒரு பக்கம் ஒருத்தர் ஆரம்பிக்கிறார், இன்னொரு பக்கம் இன்னொருத்தர் முடிக்கிறார், நடுவில் யாரோ காத்திருக்கிறார்.

"இது எனக்குப் புரியலைங்க."

"நெஜமாவே புரியலையா?"

"சுத்தமா புரியலைங்க."

முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்க்க வேண்டுமே. "இதுதான்! இதுதான் பாட்டு!"

பாட்டின் பொருள் என்னவோ நல்ல பொருள்தான். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்காமல் காத்திருப்போம் என்று வரும். ஆல்டோவுக்கு மொத்தமே ஒரே வார்த்தை. 'விழித்திருப்போம், விழித்திருப்போம்.' அது போய்க்கொண்டிருக்கும்போது டெனர் தனியாக எழுந்து 'உறங்குவோரே, எழும்புங்கள்!' என்று கூப்பிட வேண்டும். அந்தத் தனிக்குரல் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கிற கேள்வியா அது?

"அத்தைக்கு இது வருமாங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"வராது." அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார். "நாலு பேருக்குமே வராது. ஒவ்வொரு தடவையும் தாளத்துல ஒரு தட்டு விட்டுத்தான் நுழையணும். விரல் விட்டு எண்ணிக்கிட்டே பாடணும். பாட்டுப் பாடமெல்லாம் போன்ல அனுப்புவேன், சொப்ரானோ பொண்ணுங்களுக்கு. ஆல்டோவுக்கு அனுப்ப மாட்டேன். கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொரு வரிசையையும் தனித்தனியா நிறுத்திப் பாடச் சொல்வேன். வராத வரிசைக்கு ஓய்வு. நான் யாரையும் போன்னு சொல்லல, பாரு. பாட்டே சொல்லிடும்."

இதையெல்லாம் ஏன் என்னிடம் சொன்னார் என்று நீங்கள் கேட்கலாம். சுவரிடம் சொல்கிற மாதிரிதான். டைல்ஸ் ஒட்டாத சுவர். திருப்பிச் சொல்லாது.

"அப்போ அத்தை சாயங்காலம் எங்கங்க இருப்பாங்க?"

"எங்க இருப்பாங்க? வீட்லதான். உனக்குத் துணையா."

நான் குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலம் பிராக்டிஸ். இவரும் அத்தையும் கிளம்பிப் போவார்கள். குழந்தை அந்த நேரம் தூங்கும். கதவைச் சாத்தினதும் வீடு மூச்சு விடும். அப்போது நான் டீ போட்டு, சூடாக, உட்கார்ந்து குடிப்பேன். உட்கார்ந்து! ஜன்னல் பக்கம் ஒரு ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். ஒன்றும் செய்ய மாட்டேன். 'அந்தக் கரண்டி ஏன் அங்க கிடக்கு? குழந்தைக்கு ஏன் கால் மூடல? இந்தத் துணி எப்போ நனைச்சது?' என்று கேட்க ஆள் இருக்காது. எனக்கென்று இந்த வீட்டில் இருப்பது அந்த இரண்டு சாயங்காலம்தான். அதைத்தான் இவர் போகிற போக்கில் எடுத்து வாஷ்பேசினில் ஊற்றப் பார்த்தார்.

அத்தையிடம் போய்ச் சொல்லிவிடலாம். சொன்னால் வீடு இரண்டாகும். யார் சொன்னது என்று இவர் யோசிக்கவே வேண்டியதில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது நானும் பால் குடிக்கிற குழந்தையும்தான்.

மறுநாளே பாட்டுப் பாடம் பதிவு செய்கிறேன் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். "குழந்தை சத்தம் கேட்கக் கூடாது" என்று உத்தரவு. நான் சமையலறையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு வரிசையையும் தனக்குச் சரியாக வருகிறதா என்று பார்க்க, இவர் ஒவ்வொன்றாகப் பாடினார். சொப்ரானோவைப் பெண் குரலில் பாடினார். குழந்தை வீறிட்டது. பேஸைப் பாடினார். அழுகை நிற்கவில்லை. டெனர் தனிக்குரல் வந்தபோது குழந்தை காலை உதைத்து முகம் சிவந்து, ஐயோ, பாவம். கடைசியில் ஒப்புக்கு ஆல்டோவைப் பாடினார். சட்டென்று அழுகை நின்றது.

அப்போதுதான் கவனித்தேன். ஆல்டோ எங்கேயும் போவதில்லை. ஒரு படி ஏறும், ஒரு படி இறங்கும், மறுபடி அங்கேயே நிற்கும். தொட்டில் மாதிரியே. இவர் விரல் விட்டு எண்ணின இடம் தொட்டிலுக்கு எண்ணாமலே வந்தது. தொட்டில் அந்தப் பக்கம் போகும்போது சும்மா இருக்க வேண்டும். திரும்பி வரும்போது பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

அன்றையிலிருந்து தாலாட்டுக்கு அதையே பாடினேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. தொட்டில் முன்னால் திறக்கும். அத்தை எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, 'விழித்திருப்போம்'ங்கிற? பிள்ளையைத் தூங்க வைக்கிறியா, எழுப்புறியா?"

"இதுக்குத்தான் தூங்குது அத்தை."

"எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே" என்று போய்விட்டார்.

மறுநாள் காலை இவர் குளிக்கப் போனார். வீட்டுக் குளியலறைக்கும் டைல்ஸ் இவர்தான் கடையிலிருந்து கொண்டுவந்து ஒட்டினார். பாட்டு வரும் என்று நினைத்தோம். பேச்சு வந்தது.

"அன்பான தாய்மார்களே! மரம் நிற்கிறது. இலை உதிர்கிறது. உதிர்ந்த இலையை நாம் மறக்க முடியுமா? இத்தனை காலம் ஆல்டோ வரிசையில் உழைத்து, இன்று ஓய்வு பெறும்..."

டைல்ஸ் அத்தனையும் திருப்பிச் சொன்னது. தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். அத்தை சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தி நின்றது. குளியலறைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன்.

"உதிர்ந்த இலையாம்ல?"

அத்தை வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தொட்டில் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தார்.

"அம்மாடி, அந்தப் பாட்டை மறுபடி பாடு. மெதுவா."

அவ்வளவுதான் நாங்கள் பேசினது. சதி, திட்டம் என்றெல்லாம் ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் தையல்காரம்மா குழந்தையைப் பார்க்க வந்தார். அதற்கு மறுநாள் நர்ஸம்மா வந்தார். ஃபிரிட்ஜ் அக்கா வந்தார், 'ம்ம்ம்' என்றபடியே. இவர் காலையில் கடைக்குப் போனதும் வருவார்கள். நாலு பேரும் தொட்டிலைச் சுற்றி உட்கார்ந்து கயிற்றை மாற்றி மாற்றிப் பிடிப்பார்கள். 'போகுது, போகுது, வருது, இப்போ!' பிறந்த நாளிலிருந்து அந்தக் குழந்தை அப்படித் தூங்கினதே இல்லை.

பிராக்டிஸில் மட்டும் நாலு பேரும் வேண்டுமென்றே உளறினார்கள். அத்தை சொல்லிக் கொடுத்தது. இவர் வீட்டுக்கு வந்து, "அம்மாவுக்குச் சுத்தமா வரல" என்று பெருமூச்சு விட்டபடி இரண்டு தட்டுச் சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

இவருக்கு ஏன் தெரியவில்லை என்றால், மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையை மூடிவிட்டு வந்து, தொட்டில் பக்கத்திலேயே படுப்பார். நான் அதே பாட்டைத்தான் பாடுவேன், அவர் காதுக்குப் பக்கத்தில். குழந்தைக்கு முன்னால் இவர் தூங்கிவிடுவார். ஆல்டோவை இவர் வாழ்க்கையில் ஒரு நாளாவது காது கொடுத்துக் கேட்டிருந்தால்தானே?

கடைசிச் சனிக்கிழமை வந்தது. அத்தை என்னையும் கிளப்பினார். "குழந்தை கண்ணு முன்னால இருந்தாத்தான் எங்களுக்கு வரும்." என் சாயங்காலம் ஒன்று போயிற்று. மீதியைக் காப்பாற்றக் கொடுத்த விலை என்று நினைத்துக்கொண்டேன்.

சொப்ரானோ பெண்கள் பாடினார்கள். நடுவில் தாளம் தவறி ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். "பரவாயில்ல, பரவாயில்ல, அழகா வரும்" என்றார் இவர். பேஸ் உருண்டது. அடுத்து இவர் தொண்டையைச் செருமி, முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டு, "ஆல்டோ" என்றார்.

நாலு பேரும் எழுந்தார்கள். என் மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார்கள். வலது கையை ஒரே மாதிரி லேசாக ஆட்டினார்கள், கயிறு பிடித்திருக்கிற மாதிரி. பிடித்தார்கள் பாருங்கள்! ஒரு இடம் தப்பவில்லை. ஒரு மூச்சு முந்தவில்லை.

இவர் வாய் திறந்தது. கொட்டாவி வந்தது.

"என்ன தம்பி, எங்களுக்கு ஓய்வா, உங்களுக்கா?" என்றார் நர்ஸம்மா.

"களைப்பும்மா, கடையில வேலை" என்றார் இவர். இலை, மரம் எல்லாம் தொண்டைக்குள்ளேயே உதிர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேராயர் வந்தார். சர்ச் நிரம்பி வழிந்தது. ஜரிகை அங்கி நடுவில் நின்றது. ஆல்டோ ஆரம்பித்தார்கள். 'விழித்திருப்போம், விழித்திருப்போம்.' என் தோளில் குழந்தை சரிந்தது. இவர் தாடை ஒரு பக்கம் கோணியது. பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கினார். கண்ணில் நீர் வழிந்தது.

"பாவம், உருகிட்டார்" என்றார் எனக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா.

தனிக்குரல் இடம் வந்தது. இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"உறங்குவோ..."

அப்புறம் வந்தது அந்தக் கொட்டாவி. சாதாரணக் கொட்டாவி இல்லை. நாள் தவறாமல் மத்தியானம் மத்தியானம் சேர்த்து வைத்த கொட்டாவி. வாய்க்குள் கடைசிப் பல் வரைக்கும் பேராயருக்குத் தரிசனம். பக்கத்து டெனருக்கு ஒட்டியது. அங்கிருந்து பேஸுக்குப் போனது. சொப்ரானோ பெண்கள் அங்கிக் கையால் வாயை மூடினார்கள், அதற்குத்தான் அவ்வளவு அகலம் போல. போதகர் தலையைக் குனிந்தார். பேராயர் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கினார். உறங்குவோரை எழுப்ப வந்தவர் விழித்திருந்தவர்களையும் சாய்த்துவிட்டார்.

ஆல்டோ மட்டும் அசையவில்லை. அவர்களுக்கு அது பழக்கம். தொட்டில் ஆட்டுகிறவள் தூங்க முடியுமா? மெதுவாக, இன்னும் மெதுவாகப் பாடினார்கள். அத்தை என் தோளைப் பார்த்தார். குழந்தை நன்றாகத் தூங்கிவிட்டது. வீட்டில் செய்கிற மாதிரி உதட்டில் விரல் வைத்தார். நாலு பேரும் நிறுத்தினார்கள். சர்ச் முழுக்க ஒரு இருமல்கூட இல்லை. யாருக்கும் அந்த அமைதியைக் கலைக்க மனசு வரவில்லை. எனக்கும் உடம்பு ஒரு நிமிஷம் லேசானது. ஜன்னல் பக்க ஸ்டூலில் உட்கார்ந்த மாதிரி.

ஆராதனை முடிந்து பேராயர் குழுவிடம் வந்தார்.

"இவ்வளவு சமாதானமா ஒரு பாட்டு நான் கேட்டதே இல்ல. இந்த அம்மாக்களுக்கு யார் பயிற்சி கொடுத்தது?"

ஜரிகை முன்னால் வந்தது. "நான்தாங்க ஐயா. தனிப் பயிற்சி. என் வீட்லயே வச்சு."

எனக்கு வாய் வரை வந்தது. மனசுக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டேன்.

"ரொம்ப நல்லது. அடுத்த தடவை நான் வரும்போதும் இதையே பாடுங்க. இதே மாதிரி. நடுவுல யாரும் தனியா எழுந்து கத்தாம."

தலைவரின் தனிக்குரல் அங்கேயே அடக்கமானது. நான் சிரிப்பைக் குழந்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டேன். கெட்டிக்காரிதான் நீ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லி வாய் மூடவில்லை, பேராயர் திரும்பினார்.

"அந்த வீட்டுப் பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க. அம்மாக்கள் அங்கேயே பாடிப் பழகட்டும்."

"கேட்டியாடா?" என்றார் அத்தை. "பேராயரே சொல்லிட்டார். இனிமே ஆல்டோ பிராக்டிஸ் நம்ம வீட்லதான். செவ்வாயும் சனியும்."

இவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியாமல் விழித்தார். அப்புறம் மெல்ல, மிக மெல்ல, ஒரு சிரிப்பு பரவியது. இப்போது சர்ச்சில் சின்னப் பெண்களுக்கு முன்னால் இவர் கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகக் கையைத் தூக்குகிறார். மூக்கைச் சிந்தச் சொல்ல அங்கே ஆளில்லை. ஆல்டோவை அனுப்பிவிட வேண்டும் என்று நினைத்தார். அனுப்பிவிட்டார். எங்கே அனுப்பினார் என்றால், பக்கத்து அறையில் கேட்கிறதே ஒரு சத்தம், அங்கேதான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

ஸ்டூலில் தையல்காரம்மா உட்கார்ந்திருக்கிறார். நாலு பேருக்கும் தொட்டில் ஆடினால்தான் பாட்டு வரும். கையில் தாள் பிடிப்பதால் கயிறு பிடிக்க ஆள் வேண்டும். குழந்தையும் இப்போது ஒரு குரலுக்குத் தூங்குவதில்லை. நாலு குரலும் வேண்டுமாம். ஆனாலும் அடுத்த பாட்டுக்கு இவர் மறுபடி தாள்களைப் பரப்பும்போது என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு யோசனை

"அம்மாடீ! டீ என்னாச்சு? வந்து தொட்டிலை ஆட்டு, நாங்க ஆரம்பிக்கணும்!"

இதோ அத்தை. ஐயோ, ஜரிகை கருகுகிறது, இஸ்திரிப் பெட்டியை அப்படியே அதன் மேல்